வியாண்டா என்றால் கிழங்கு

எனக்கு வெட்கம் தாமதமாகத்தான் வரும். செய்வதைச் செய்துவிட்டு, சிரிப்பதைச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் முகம் எரியத் தொடங்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் உடனே வந்தது. வந்தும் நான் வாயை மூடவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மொன்டெவிடியோவில் மருந்துக்கடைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சாமான் அனுப்பும் கம்பெனி எங்களுடையது. மாடியில் நாங்கள் நான்கு பேர் போனில் ஆர்டர் எடுப்போம். கீழே கிடங்கு. கிடங்கில் பெட்டி தூக்குகிறவர் ஓஸ்மெல். அவரும் என்னைப் போல கியூபாக்காரர். அங்கே இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இங்கே மூட்டையும் பெட்டியும். எனக்கு இந்த வேலை கிடைத்ததே அவரால்தான். நான் வந்து இறங்கிய இரண்டாம் மாதம், என் காகிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் நீபியாவின் அறை வாசலில் போய் நின்றார். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டுப் பேசும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று பிற்பாடு மற்றவர்கள் சொன்னார்கள்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இனிமேல் பாரம் தூக்கினால் நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் ஒரு நாற்காலி காலியானதும் அந்த போன் வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக நீபியா சொல்லியிருந்தாள். கிடைத்தால் உட்கார்ந்து பார்க்கும் வேலை, கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்க அதே பெட்டி. அவருக்கு வேறு வழி இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இந்த ஊர்க்காரர்களும் நாங்களும் பேசுவது ஒரே ஸ்பானிஷ் என்பார்கள். எந்தப் புண்ணியவான் சொன்னானோ. நான் சேர்ந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து பத்து சாட்டா வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் சாட்டா என்றால் தட்டை. நான் தட்டையான தலையணையாகப் பார்த்துப் பத்து அனுப்பிவிட்டேன். இங்கே சாட்டா என்றால் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வைக்கிற பெட்பேன். இந்தத் தலையணையை எங்கே வைப்பது என்று அந்த இல்லத்து நர்ஸ் நீபியாவிடமே போனில் கேட்டாளாம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று நீபியா என்னிடம் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை என்னுடையது. அவள் யோசிக்கத் தொடங்கினால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டில் நான் சுத்தச் சோம்பேறி. தினமும் ரொட்டியும் அவித்த முட்டையும். அதைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் தின்பேன். பக்கத்து நாற்காலி ரோமினா அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் ஒரு துண்டுக் காகிதத்தை என் மேஜையில் வைத்தாள். 'ஆரோக்கிய வியாண்டா. உறைய வைத்து உங்கள் அலுவலகத்துக்கே வரும். உப்பு குறைவு, எண்ணெய் குறைவு. முதல் பெட்டியில் பதினான்கு.' படம் என்று பார்த்தால் ஒரு பச்சை இலை, அவ்வளவுதான்.

வியாண்டா என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறிவிட்டது. கியூபாவில் பிறந்தவளுக்கு வியாண்டா என்றால் கிழங்கு. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மலங்கா, போனால் போகிறதென்று வாழைக்காயையும் சேர்த்துக்கொள்வோம். மலங்கா என்பது சேப்பங்கிழங்கு ஜாதி. வேகவைத்து மசித்தால், பிறந்த குழந்தைக்கும் கொடுக்கலாம், வயிறு கெட்டவர்களுக்கும் கொடுக்கலாம். ஓஸ்மெலின் மனைவி மிரேலிஸுக்கு மார்ச்சில் வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. அதிலிருந்து எது கொடுத்தாலும் திரும்பி வந்தது. மலங்கா ஒரு கரண்டி கிடைத்தால் நிற்கும் என்று அவள் புலம்பிக்கொண்டே இருந்தாள். ஓஸ்மெல் இந்த ஊர்ச் சந்தை ஒன்று விடாமல் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். மலங்கா வருது அண்ணே, வேகவெச்சு ஐஸ்ல போட்டு வாசலுக்கே வருது, பாதி உங்க வீட்டுக்கு என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"இந்த ஊர்க்காரங்க எப்ப மலங்கா சாப்பிட்டாங்க? ஒரு போன் போட்டுக் கேட்டுக்க யுசி. இங்க வார்த்தை ஒண்ணா இருக்கும், சாமான் வேறயா இருக்கும்."

"பாடம் எடுக்காதீங்க வாத்தியாரே. என் ரெண்டு கண்ணால படிச்சேன். எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதாம். திமிரைப் பாருங்கள். அவர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்திச் சரணடைந்தார். நான் மாடிக்கு வந்து ஆர்டர் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டி வந்தது. சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள். ஓஸ்மெலுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவரும் துணிப்பை ஒன்றோடு படியேறி வந்துகொண்டிருந்தார். அந்த முழங்காலோடு ஒவ்வொரு படியாக ஏறி வர நேரமாகும். எனக்குப் பொறுமை ஏது? நானே பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு தட்டாக வெளியே எடுத்தேன். கீரை அடை. பழுப்பு அரிசியும் கோழியும். பருப்புக் கூட்டு. சுரைக்காய் மாதிரி ஏதோ ஒன்று. அடி வரைக்கும் துழாவிவிட்டு, கொண்டுவந்த ஆளிடம் கிழங்கு எங்கே என்று கேட்டேன். அவன் விழித்தான். "வியாண்டான்னா இதான்மா. தட்டுல அடைச்ச சாப்பாடு. வேற என்ன நெனச்ச?"

ரோமினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினாலு தட்டுக் கிழங்கு வரும்னு காத்திருந்தாளாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் சத்தம் கேட்டு நீபியா மாத்தே என்கிற இலைத்தேநீர்க் குடுவையோடு உள்ளே வந்து என்ன விஷயம் என்று கேட்டாள். எனக்குத் தலையணை ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் ஓஸ்மெல் துணிப்பையோடு வந்து நிற்பதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பார்க்காமல் சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"எனக்கில்ல, ஓஸ்மெலுக்கு. அவர்தான் கிழங்குன்னு நெனச்சு என்னை ஆர்டர் போடச் சொன்னார். நான் அப்பவே சொன்னேன், அவர் கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு நொடி பார்த்துவிட்டு நீபியாவின் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"நீங்களா போன்ல உட்காரணும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க?" என்று நீபியா சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் சிரிப்பு போய் யோசனை வந்ததை நான் பார்த்தேன். ஓஸ்மெலும் பார்த்தார். ஏழு தட்டுகளை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்றிலிருந்து அவருக்கு மலங்கா ஐயா என்று பெயர் வந்துவிட்டது. டிரைவர்கள்கூடக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரலுக்கு அவரும் திரும்பினார்.

நான் தினமும் ஒரு தட்டைச் சூடுபண்ணி எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றேன். ஆரோக்கியமான சாப்பாடுதான், குறை சொல்லக்கூடாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் ஓரம் கொதிக்கும், நடுவில் ஐஸ் இருக்கும். உப்பு இல்லை, பூண்டு இல்லை. தொண்டையில் இறங்க மறுத்தது சாப்பாட்டின் தப்பு இல்லை என்று எனக்கே தெரியும். ரோமினா மட்டும், நீயும் ஒரு வழியாக மனுஷி மாதிரி சாப்பிடத் தொடங்கிவிட்டாய் என்று பாராட்டினாள்.

வியாழக்கிழமை காலை, போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன். நான் கதவைத் தட்டுவதற்குள் நீபியாவே என்னை உள்ளே கூப்பிட்டாள். முதலில் என் வேலையை இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டியாகிவிட்டது என்றாள். பிறகு கதவைச் சாத்தச் சொன்னாள்.

"உன் ஊர்க்காரர் எப்படி? ஆளுங்க போன்ல சொல்றதைச் சட்டுனு புரிஞ்சுக்குவாரா?"

கடவுளே வந்து கையில் கொடுத்தால்கூட இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைக்காது. நான் தரையைப் பார்த்தேன்.

"நல்ல மனுஷர்" என்றேன்.

"நல்ல மனுஷரான்னு நான் கேக்கலையே."

அவள் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, சரி நீ போ என்றாள். போனேன். கழிப்பறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகை யாருக்கு வேண்டும்? சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. சீ என்று போயிற்று என்மேலேயே எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை அந்த நாற்காலிக்கு ரோமினாவின் சிநேகிதி ஒருத்தி வருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

மதியம் நான் அன்றைய தட்டைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மிரேலிஸ். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் சன்னமாகிவிட்டது. எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டே இருந்தாளாம். அந்தத் தட்டுகளில் பூசணிக்காய் மசியல் ஒன்று இருந்ததாம். அது மட்டும் வயிற்றில் நின்றதாம்.

"எனக்காக நீ இவ்வளவு பாடுபட்ருக்க. இவர்தான் வார்த்தையைத் தப்பாச் சொல்லி உன்னை எல்லார் முன்னாடியும் மாட்டிவிட்டாராமே. வந்ததுலேர்ந்து அதையே சொல்லி வருத்தப்படறாரு. வயசாயிடுச்சும்மா அவருக்கு. அவர் மேல கோவிச்சுக்காத."

மைக்ரோவேவ் நின்று மணி அடித்தது. நான் போனைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பொய்யை அவர் வீட்டுக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறார். கட்டின மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் எனக்குப் போன் பண்ணி, அவருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

அவர் தப்பு எதுவும் பண்ணலை அக்கா, நான் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். சமையலறையில் ரோமினாவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். நீபியா மாத்தேவுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வெளியே போகட்டும் என்று காத்திருந்தால் நான் மறுபடியும் பயந்துவிடுவேன் என்று தெரிந்தது.

"கிழங்குன்னு நெனச்சது நான்தான். ஓஸ்மெல் இல்ல. கேட்டுட்டு ஆர்டர் போடுன்னு அவர் சொன்னார். நான்தான் கேக்கல. அன்னிக்கு பயத்துல அவர் தலையில போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதே கிழங்குதான், ஆனால் இப்போது யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை. ரோமினா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் உன்னைக் கேட்டேன்" என்றாள் நீபியா.

"ஆமா."

"இப்ப சொல்ற. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாச்சு." வெந்நீர்க் குடுவையை மூடி எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

நான் கீழே இறங்கினேன். ஓஸ்மெல் கிடங்கில் தனியாக ஒரு பெரிய பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குப் பட்டை கட்டியிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் அண்ணே, நீபியாகிட்டயும் சொல்லிட்டேன் என்றேன்.

அவர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வேர்வையைச் சட்டைக் கையில் துடைத்தார்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை."

"அப்ப சரி. அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். ஓரத்தில் சாட்டா என்று எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக இந்தப் பெட்டிகளைப் போனில் விற்கிறேன், ஒரு நாளும் தொட்டுத் தூக்கியதில்லை. கை இறங்கிவிட்டது. நான் கீழே வைத்துவிடுவேனோ என்று பயந்து அவர் பாரத்தைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.