மடுவுக்குப் போன எண்ணெய்த் தகரம்

பாரிஸின் ரூ காய் தெருவில் யோகநாதனின் பலசரக்குக் கடையில் காசு வாங்கும் இடத்தில் நிற்கும் பியட்றிஸுக்கு, ஊரிலுள்ள மடுத் தேவாலயத்து மாதாவிடம் ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. 2009இல், வன்னியில், பதுங்குகுழிக்குள் பத்து வயது மகன் ரொஷானை மடியில் அமுக்கிக்கொண்டு, "மடு மாதாவே, பிள்ளையை உயிரோடை தா. அவன்ரை உயரத்துக்கு மெழுகுதிரி கொண்டுவந்து கொளுத்துறன்" என்று அழுதிருந்தாள். மாதா தந்துவிட்டாள். பியட்றிஸால்தான் கொடுக்க முடியவில்லை. அவளுடைய அகதிப் பயணப் புத்தகத்தில், இலங்கை தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தது. ஒன்பது வருடத்தில் ரொஷான் ஆறடியை எட்டிவிட்டான். அவனுக்குக் காற்சட்டை கட்டையாகும் போதெல்லாம், மெழுகுதிரியும் நீண்டுவிட்டதே என்று அவள் நெஞ்சு இடிக்கும்.

அந்தக் கடைக்கு மிளகாயும் கொத்தமல்லியும் வாங்க மரிசோல் என்ற மெக்சிகோக்காரி வருவாள். போகும்போது வெறும் எண்ணெய்த் தகரம் இருக்கிறதா என்று கேட்பாள்.

"இவள் தகரத்திலை வீடு கட்டுறாள் போலை" என்று யோகநாதன் சிரிப்பார். ஆனாலும் நெளியாத தகரமாகப் பார்த்து, கழுவிக் காயவைத்து, அவளுக்கென்று எடுத்து வைப்பார்.

ஒருநாள் மரிசோல் இருவருக்கும் அழைப்பிதழ் கொடுத்தாள். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் அவளுடைய ஓவியக் கண்காட்சி.

ஞாயிறு பூசை முடிந்து பியட்றிஸ் போனாள். சுவர் முழுக்கப் புத்தகமளவு தகரத் துண்டுகள். பாலைவனத்தில் வெறும் தண்ணீர்ப் போத்தலுடன் ஓர் இளைஞன். சரக்கு ரயிலின் கூரையில், குழந்தையைச் சால்வையால் தன்னோடு கட்டிக்கொண்ட தாய். பாரிஸ் உணவகமொன்றில் தட்டுக் குவியலுக்கு நடுவே ஒரு கொலம்பியக்காரன். எல்லாவற்றிலும் மேல்மூலையில் நட்சத்திரப் போர்வையோடு மாதா. கீழே இரண்டு வரி எழுத்து. தட்டுக் கழுவுகிறவனின் விரல் வெடிப்பைக்கூட மரிசோல் விட்டுவைக்கவில்லை. மாதாவின் முகத்துக்குக் கொடுத்த அதே பொன்னிறத்தை அந்த விரல்களுக்கும் கொடுத்திருந்தாள். பியட்றிஸ் அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

எழுத்து அவளுக்கு விளங்கவில்லை. படம் விளங்கியது.

"இது நேர்த்தியெல்லே!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

மரிசோல் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினாள். "நன்றி சொல்லும் தகரம். எங்கள் ஊரில் மாதாவின் சுவரில் மாட்டுவோம். இவர்களிடம் விசா இல்லை, போக முடியாது. ஊருக்குப் போகிற யாராவது கொண்டுபோவார்கள்."

"வேறு ஆள் கொண்டுபோனால் மாதா ஏற்பாளா?"

"தாய்தானே! யாரிடம் கொடுத்துவிட்டாய் என்றா கேட்பாள்?"

பியட்றிஸ் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

இரண்டு கிழமையில் அவளுடைய தகரமும் வந்தது. பதுங்குகுழி, அவள், மடியில் ரொஷான், மேலே மடு மாதா. மெழுகுதிரி மட்டும் படத்துக்குள் அடங்காமல் தகரத்தின் விளிம்புவரை போயிருந்தது.

"பையன் இன்னும் வளரட்டும்" என்றாள் மரிசோல்.

ஆவணியில் யோகநாதன் ஊருக்கு, நல்லூர் முருகன் திருவிழாவுக்குப் போக இருந்தார். பியட்றிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மடு என்ன தூரமே, பிள்ளை? முருகன் என்னோடை கோவிக்கமாட்டார்" என்றவர், ரொஷானைக் கடைக்கு வரச்சொல்லி, பார்சல் கட்டும் நூலால் அளந்தார். "தம்பி, சப்பாத்தைக் கழட்டும். மாதாவை ஏமாத்தக்கூடாது."

சனம் பார்க்கிறது என்று ரொஷான் பிரெஞ்சில் முணுமுணுத்தபடி, காலுறையோடு அசையாமல் நின்றான்.

மடுத் திருநாளன்று தொலைபேசியில் ஒரு படம் வந்தது. ஆறடி மெழுகுதிரி கிடைக்கவில்லையாம். யோகநாதன் அந்த நூலை மணலில் நீட்டி, அதன் வழியே சின்ன மெழுகுதிரிகளை நெருக்கமாக நட்டுக் கொளுத்தியிருந்தார். தலைமாட்டில் தகரம் மினுங்கியது. பியட்றிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒன்பது வருடப் பாரம் தோளைவிட்டு இறங்கியது.

மறுநாள் கடைக்கு வந்த மரிசோல் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"உன் முதலாளியை வரைய வேண்டும். தகரம் இருக்கிறதா?"

பியட்றிஸ் உள்ளே போய், நெளியாத ஒன்றைத் தேடியெடுத்து, கழுவத் தொடங்கினாள்.