யாரும் பற்றவைக்காத வெளிச்சம்

பற்றவைக்கும் முன் "கண்ணு!" என்று கத்த வேண்டும். வெல்டிங் பட்டறையின் முதல் சட்டம் அதுதான். கத்தாமல் ராடை இரும்பில் வைத்தால், அந்த வெளிச்சம் பட்டுப் பக்கத்தில் இருப்பவர் கண் ராத்திரி முழுக்க மணல் கொட்டினாற்போல் உறுத்தும். இருபத்தாறு வருடமாக கேட் செய்கிற பெரிய வெல்டர், இந்தச் சட்டத்தை மீறிய ஒருவனை வேலையைவிட்டே துரத்தியிருக்கிறார். அதனால் ஒரு திங்கட்கிழமை, குனிந்து அளவெடுக்கும்போது இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு கீற்று வெட்டியதும் அவர் யோசிக்கவே இல்லை. இடது பக்கம் வேலை பார்த்தது அவர் மனைவியின் தம்பி.

"கத்திட்டு அடிக்க மாட்டியா?"

"நான் எங்க மாமா அடிச்சேன்? அரம் போட்டுத் தேய்ச்சிட்டு இருக்கேன், பாருங்க."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத."

மறுநாள் மூன்று முறை வெட்டியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சமெல்லாம் மச்சினன். பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்து பார்த்தான் அவன். இவர் பேச்சையே நிறுத்தினார். நடுவில் ஒரு தகரத்தை நிறுத்தினார். தகரத்தையும் தாண்டி வெட்டியது. கண் முன்னால் கொசு போலக் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. பட்டறைக் கரி என்று விட்டுவிட்டார்.

"அவன் அப்படிப்பட்ட ஆளா?" என்றாள் மனைவி.

"உன் தம்பிக்கு நீ வக்காலத்து வாங்காம வேற யாரு வாங்குவா?"

ஒன்பதாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. மிஷின்கள் எல்லாம் அடங்கின. மச்சினன் தெருவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். சாமான் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு இடது ஓரத்தில் பளிச்சென்றது. கண்களை இறுக மூடினார். மூடிய கண்ணுக்குள்ளேயே இன்னொரு முறை.

பயம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தார். கீழிருந்து கால்பங்கு கதவு இல்லை, கறுப்பாக இருந்தது. யாரோ கொண்டுவந்த வேலையை அளப்பதுபோல அதை அளந்துகொண்டார். பிறகு தெருவுக்குப் போனார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பேச்சை நிறுத்தியதிலிருந்து அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. மச்சினன் ஏன் என்று கேட்கவில்லை. வண்டியை எடுத்தான்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது சுருங்கும். சுருங்கும்போது பின்னாடி இருக்கிற விழித்திரையை இழுக்கும். அந்த இழுப்புதான் உங்களுக்கு மின்னலாத் தெரிஞ்சிருக்கு. இப்ப திரை கிழிஞ்சு உரிஞ்சு வந்திருச்சு. மொத நாளே வந்திருந்தா லேசரோட முடிஞ்சிருக்கலாம். இனிமே ஆபரேஷன்தான். பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. இத்தனை நாள் அந்த வெளிச்சத்தை என்னன்னு நினைச்சீங்க?"

"என் மச்சினன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா சிரிக்கப்போனவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் மச்சினன் நகர்ந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தார். அவன் இவருக்கு இடது பக்கம். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"என்ன சொன்னாங்க மாமா?"

"உன்மேல தப்பில்லைன்னாங்க."

"அதை யாரு கேட்டா? உங்களுக்கு என்னன்னாங்க?"

தலையைத் திருப்பாமல் இடது ஓரத்தால் அவனைப் பார்த்தார்.

"எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்க இருந்தா நீ முழுசாத் தெரியல."