பட்டையில் ஒரு பச்சை நூல்

"பிரேஸ ஒழுங்காப் போட்டாளா?"

டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். யோகலட்சுமி எதிரே மாட்டியிருந்த எக்ஸ்-ரேயைப் பார்த்தாள். அதில் பதிமூன்று வயது மகள் உமாதேவியின் முதுகெலும்பு, புளியறை மலைப்பாதை மாதிரி வளைந்து கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன் வளைவு முப்பத்தெட்டு டிகிரி. இன்று ஐம்பத்திரண்டு.

ஐம்பதைத் தாண்டவிடாமல் நிறுத்தத்தான் பிரேஸ் என்கிற அந்த பிளாஸ்டிக் கவசம். தாண்டினால் ஆபரேஷன். நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். குளிக்க மட்டும் ஒரு மணி நேரம் விடுதலை. சாரல் தொடங்கியதிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தை அருவியில் குளிக்கக் கேட்டாள் உமா. சீசன் கூட்டத்தில் வரிசையில் நிற்கவே அது போதாது. யோகலட்சுமி மறுத்துவிட்டாள்.

அப்புறம்தான் ஆட்டோக்காரர் முத்துராஜ் வத்தி வைத்தார். "அக்கா, ஒங்க மவள ஐந்தருவில பாத்தேன். தலையெல்லாம் ஈரம்."

யோகலட்சுமி மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில் குளிப்பாட்டிக் கவசத்தை மாட்டியதும், முதுகுப் பட்டையில் பச்சை நூலால் ஒரே ஒரு தையல். கழற்றினால் அறுந்துவிடும்.

நாற்பது நாள். ஒரு நாள்கூட அறவில்லை.

"ஒழுங்காத்தான் போட்டா, சார்."

"அப்போ யார் தப்பும் இல்லம்மா. வேகமா வளர்ற வயசு. சில வளைவு எதுக்கும் அடங்காது. ஆபரேஷன் பண்ணி, கம்பி வச்சு நிமிர்த்திடலாம். இனி பிரேஸ் வேண்டாம்."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து தென்காசி வந்து இறங்கினால், எதிரே முத்துராஜின் ஆட்டோ. ஏறியதும் யோகலட்சுமி கேட்டேவிட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கு ஐந்தருவில தலை எப்படி நனைஞ்சுது?"

"கிளாஸ் புள்ளைகளோட போனேன். அதுல கிருபா பாட்டில்ல தண்ணி பிடிச்சாந்து தலையில ஊத்துனா. நான் படியிலதான் நின்னேன். ஆமை குளிக்குதுன்னு கிளாஸே சிரிச்சுது."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"நீ கேட்டியா? நூல்லா தச்ச!"

யோகலட்சுமி திடுக்கிட்டாள். "ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே கிருபா பாத்துட்டா. நூலு தானா அந்துறக் கூடாதேன்னு பி.டி. பீரியட்ல ஓடக்கூட மாட்டேன்."

யோகலட்சுமி மகளின் முதுகுப் பட்டையைத் தடவினாள்.

"ஆபரேஷன் வலிக்குமாம்மா?"

"வலிக்கும். நான் பக்கத்துலயே இருப்பேன்." யோகலட்சுமி முன்னால் குனிந்தாள். "முத்துராஜ், வீட்டுக்கு வேண்டாம். ஐந்தருவிக்கு விடுங்க."

உடை மாற்றும் அறையில், பழக்கத்தில் உமா மாட்டி வந்திருந்த கவசத்தை யோகலட்சுமியே கழற்றினாள். பட்டையில், எக்ஸ்-ரேக்காக அறுத்த காலை நூலின் துணுக்கு ஒன்று மிச்சமிருந்தது. பிடுங்கி எறிந்தாள்.

வெளியே வந்து உமா எட்டிப் பார்த்தாள். "வரிசை நீளமா கிடக்கும்மா. நேரம் ஆயிரும்."

"ஆவட்டும்டி."