எந்தக் கடலுக்கும் ஒரு குறை

பூவரசனுக்குக் கடல் மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்த மே மாதம் பத்து நாளாக அவன் கடலைத் திட்டியதைக் கேட்டவர்கள் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் கடலுக்குக் கூட்டிப் போவதாக மூத்த மகள் அஸ்வினிக்கு அவனேதான் வாக்குக் கொடுத்தான். அதுவும் பஸ்ஸில் இல்லை, தை மாதம் வாங்கிய பழைய காரில். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் சொந்த ஊரான வல்லத்துக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மனைவி கவிதா போனைப் பார்த்து ஒவ்வொரு இடமாகச் சொன்னாள். மாமல்லபுரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்றான். மற்ற ஊரில் மட்டும் நிலாவா காயும் என்று சின்னவள் இளவேனில் கேட்டாள். பாண்டியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காதாம். கடலூரில் அலை மோசமாம். கோவளம் பணக்காரர்கள் போகிற இடமாம்.

அஸ்வினி நோட்டில் எழுதிய ஊர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, பத்தாம் நாள் நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். "பரவால்லப்பா, அடுத்த வருஷம் போலாம்" என்றாள். கத்தியிருந்தாலும் அவனுக்குத் தேவலை. அந்தப் பரவாயில்லைதான் அவனை அன்று சாப்பிட விடாமல் செய்தது.

விஷயம் வேறு. பூவரசன் இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவன். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய டிரெய்லரைச் சந்துக்குள் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கம் ஆளில்லை. காரெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டும் விட்டான். கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டிரெய்லரோடு வலப்பக்கம் திரும்புகிறவன் முதலில் இடப்பக்கம் ஒதுங்கி அகலமாக வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் முக்கில் ஏறிவிடும். வளைத்த கையோடு திரும்பிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் காருக்கும் வந்து சேர்ந்தது.

மாசி மாதம் ஒருநாள் தனியாகத் திண்டிவனத்துக்குப் போனான். நாலுவழிச் சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், கை தன் பாட்டுக்கு இடப்பக்கம் ஒடித்தது. தலை தன் பாட்டுக்கு இல்லாத டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் வந்த பஸ் இடப்பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. கண்ணாடியை மாடு முட்டிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கார் உள்ளூர் எல்லையைத் தாண்டவில்லை.

அன்று பின்சீட்டில் பிள்ளைகள் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்துவிட்டால் பிறகு தூக்கம் கிடையாது. பஸ்ஸில் போகலாம் என்று சொன்னால், கார் இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பாவம், கடல்கள் திட்டு வாங்கின.

பதினோராம் நாள் காலை, கேப்பைக்கூழை அவன் முன்னால் வைத்துவிட்டு, மரக்காணம் பக்கம் ஒரு குப்பம் இருக்கிறது என்று ஆரம்பித்தாள் கவிதா. அவன் மரக்காணத்துக்கும் ஒரு குறையைத் தேடினான்.

"கொஞ்சம் கேளுங்க" என்றாள். "நாலுவழி மெயின்ரோட்டு மேல ஏறவே வேணாம். அதோட பாலத்துக்கு அடியில பூந்து அந்தாண்ட போயிரலாம். வேன் ஓட்டுற ஜகபர் சாதிக் அண்ணங்கிட்ட கேட்டு எழுதி வச்சிக்கினு இருக்கேன். நாலே எடத்துலதான் சோத்தாங்கை பக்கம் திரும்பணும். நாலும் ஆளில்லாத ஊர் ரோடு."

கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, திருப்பத்தைப் பற்றித்தான் பேச்சு. பூவரசன் கூழைக் கீழே வைத்தான்.

"அதை இன்னாத்துக்கு எண்ணுன?"

"தெருமுக்குல நீங்க திருப்புறதைத் தெனம் பாத்துக்கினுதான இருக்கேன். மாடு முட்டுன எடத்துல பஸ்ஸு பெயிண்ட்டு எப்பிடிங்க ஒட்டும்?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பஸ்ஸைச் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது, மாட்டைச் சொன்னபோது மட்டும் சிரித்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் அவனுக்கு அகோரப் பசி எடுத்தது. இன்னொரு சொம்பு கூழ் கேட்டுக் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். கவிதா முன்சீட்டில் தாளோடு உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் மூன்றும் ஒழுங்காகப் போயின. நாலாவதில், எதிரே ஈ காக்கை இல்லாத ரோட்டில், கை மறுபடியும் இடப்பக்கம் ஒடித்தது. கழுத்தும் பின்னால் திரும்பியது. பின்சீட்டில் அஸ்வினியும் இளவேனிலும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி பாருங்க" என்றாள் கவிதா, குரலை உயர்த்தாமல். "பின்னாடி டிரெய்லர் இல்ல, நம்ம புள்ளைங்கதான் இருக்குதுங்க. அதுங்க எங்கியும் இடிச்சிக்காது."

பூவரசன் காரை நிறுத்தி ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு முன்னாலேயே பார்த்தபடி, ஒடுக்கமாக, கார் திரும்ப வேண்டிய மாதிரியே திருப்பினான். உப்பளங்களைத் தாண்டிக் கடல் தெரிந்தது. பின்சீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள்.

அந்தக் குப்பத்தில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. டீக்கடை இல்லை. மணல் முழுக்கக் கருவாட்டு வாடை. பூவரசன் ஒரு குறையும் சொல்லவில்லை.