ஏழேகால் படகு

லொம்மரோ தீவுக்கு வண்டிகளை ஏற்றிப்போகும் மஞ்சள் படகு தினமும் காலை ஏழேகாலுக்குக் கரையை விட்டுக் கிளம்பும். கிளம்பும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். படகின் நீளம் இருபத்தாறு மீட்டர். அது கடக்கவேண்டிய ஜலசந்தியின் அகலம், போன கோடையில் அளந்தபடி, பத்தொன்பது மீட்டர். மூக்கு ஒரு கரையில், வால் மறு கரையில், வயிறு சேற்றில். இப்படிப் படுத்துக்கிடக்கும் படகு எங்கே போய்க் கிளம்ப?

ஆனால் படகோட்டி ஹால்வர் விடமாட்டான். சரியாக ஏழேகாலுக்கு ஹாரன் அடிப்பான். குறுக்குக் கட்டையை இறக்குவான். எஞ்சினைப் போடுவான். பயண நேரம் நான்கு நிமிடம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அந்த நான்கு நிமிடம் ஆன பிறகு எதிர்ப்பக்கத்துக் கட்டையைத் தூக்குவான், வண்டிகள் இறங்கிப்போகும். ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். சிலர் வண்டியைவிட்டு இறங்கி, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, கடல் பயணம் போகிறவர்களைப்போலத் தூரத்தைப் பார்ப்பதும் உண்டு.

இந்தக் கடற்கரைக்கு அப்படி ஒரு வியாதி. நிலம் வருஷாவருஷம் ஒரு விரல்நகம் அளவுக்கு மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் மலை மலையாகப் பனிக்கட்டி ஏறி உட்கார்ந்திருந்ததாம். அது எழுந்துபோய்ப் பல்லாயிரம் வருஷம் ஆகியும் பூமிக்கு இன்னும் முதுகு நிமிர்ந்தபாடில்லை. பாட்டன்மார் கட்டிய படகுக் கொட்டகைகள் இப்போது பைன் காட்டுக்குள் நிற்கின்றன. துறைமுகத்தை மூன்று தடவை இடம் மாற்றிவிட்டார்கள். தேவாலயத்தைக் கட்டியபோது அதற்குப் படகில் போனார்கள். இன்றைக்கு அதன் வாசலில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிலம் ஜலசந்தியை மட்டும் சும்மா விடுமா? ஹால்வர் வேலைக்குச் சேர்ந்தபோது கடக்க நிஜமாகவே நான்கு நிமிடம் ஆனது. பிறகு இரண்டு ஆனது. பிறகு கிளம்பியதும் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் மாதம், கிளம்பவே வேண்டியில்லாமல் போனது.

இதை மேலிடத்துக்குச் சொல்லக்கூடாது என்று ஊரே ஒரு மனதாக இருந்தது. சொன்னால், தீவு தீவு இல்லை என்று எழுதி, எதிர்க்கரை வெஸ்தர்பியோடு ஒரே வட்டாரமாகச் சேர்த்துவிடுவார்கள். வெஸ்தர்பியோடா! ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்றில் ஒரு செத்த திமிங்கிலம் ஜலசந்தியில் ஒதுங்கியது. எங்களுடையது என்று இரண்டு கரைக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் கயிறு கட்டி இழுத்தார்கள். ஐந்து வாரம் இழுத்தார்கள். அது நாறி வெடித்ததோடு முடிந்த உறவு, அதன் பிறகு ஒட்டவே இல்லை.

ஹால்வருக்குத் திமிங்கிலமும் பெரிதில்லை, தீவும் பெரிதில்லை. அவனுக்கு ஐம்பத்துநான்கு வயது, தனிக்கட்டை. அவன் கவலையெல்லாம் மெர்த்தா. வெஸ்தர்பி பக்கத்திலிருந்து, வீட்டில் முடங்கிக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ். காலை ஏழேகாலுக்கு ஏறுவாள், மாலை மூன்றே முக்காலுக்குத் திரும்புவாள். ஏறியதும் வண்டியைப் பூட்டிவிட்டு ஹால்வரின் அறைக்கு வந்து ஒரு கோப்பை காபி குடிப்பாள். நான்கு நிமிடம். ஒன்பது வருஷமாக இப்படித்தான், ஜலசந்தி சுருங்கியும் ஹால்வர் அந்த நான்கு நிமிடத்தைச் சுருக்கவில்லை. பேச்சு காற்றைப் பற்றி, பனியைப் பற்றி, பெர்ச் மீன் விழுகிறதா என்பதைப் பற்றி. அவள் இறங்கிப்போனால் ஹால்வருக்கு மீதி நாள் முழுக்க வெறும் நாள். அவளை அவ்வளவு பிடித்திருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. படகை நிறுத்திவிட்டால் அது வெறும் பாலம், நேராக ஓட்டிக்கொண்டு போய்விடுவாளே, எதற்காக நிற்பாள்?

இப்படி இருக்கும்போதுதான் செப்டம்பரில் படகு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாட்டிலுள்ள அத்தனை படகுகளிலும் மிகக் குறைவாக டீசல் குடிப்பது லொம்மரோ படகுதானாம். பரிசு கொடுக்கவும், அந்தத் திறமையை நேரில் பார்த்து எழுதிக்கொள்ளவும் லென்னார்ட் என்ற அதிகாரி வருகிறாராம். படித்ததும் ஹால்வர் ஊருக்குச் சொல்லியனுப்பினான்.

சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஏலக்காய் பன், காபி, கவலை. ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர் தோர்கெல் எழுந்து மேசையைத் தட்டினார்.

"உண்மையச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? வெஸ்தர்பிக்காரனோட ஒரே வட்டாரம், ஒரே கல்லறைத் தோட்டம். செத்தப்புறமும் அவன் பக்கத்துல படுக்கணுமா நான்?"

"அதுக்காக? அவரு ஏறி உக்காந்தா தெரிஞ்சிடுமே. படகு ஒரு இஞ்சு நகராதுய்யா," என்றான் ஹால்வர்.

"அக்டோபர்ல பனிமூட்டம் அடிக்கும், ஜன்னலுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. தண்ணியும் கொஞ்சம் ஏறியிருக்கும், நெம்பினா ஆடும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். நீ மூஞ்சிய மட்டும் படகோட்டி மாதிரி வெச்சுக்க."

"நான் படகோட்டிதானே!"

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. போ."

லென்னார்ட் வந்த அன்று, தோர்கெல் சொன்னபடியே கையை நீட்டினால் கை தெரியாத பனி. சிவந்த கன்னமும் சுத்தமான சப்பாத்துமாக, காகிதம் சுற்றிய பட்டயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல மெர்த்தாவும் வந்தாள். ஹால்வர் காபி ஊற்றினான், பாதி தட்டில் விழுந்தது. ஹாரன் அடித்தான். எஞ்சினைப் போட்டான்.

படகு ஆடத் தொடங்கியது. அடியில் தோர்கெலும் இன்னும் மூன்று பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிர்ச் மரக் கழிகளால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக என்றுதான் பேச்சு. ஆனால் ஊரின் மானம் தன் கழியில்தான் தொங்குகிறது என்று ஆளாளுக்கு நினைத்துவிட்டார்கள் போல, படகு தறிகெட்டு ஆடியது. தோர்கெலின் மனைவி தீயணைப்புக் குழாயைப் பிடித்து ஜன்னலில் பளார் பளார் என்று அலை அடித்தாள். தபால்காரர் கடற்பறவையாகக் கத்தினார். ஒரு பறவை போதாது என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும், பிறகு மூன்று பறவையாகக் கத்தினார்.

"இன்னும்... எவ்வளவு தூரம்?" என்றார் லென்னார்ட். கன்னச் சிவப்பு எங்கேயோ போயிருந்தது.

"நாலு நிமிஷந்தான்," என்றான் ஹால்வர்.

இரண்டாவது நிமிடத்தில் லென்னார்ட் வாளியைத் தேடினார். மெர்த்தா எடுத்துக் கொடுத்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எடுங்க, எடுங்க, அடக்காதீங்க. வந்துட்டா சரியாப்போயிடும்," என்றாள், ஆயிரம் நோயாளிகளைப் பார்த்த குரலில்.

எல்லாம் வெளியே வந்த பிறகு லென்னார்ட் வாயைத் துடைத்துக்கொண்டு ஹால்வரைப் பார்த்தார். கண்ணில் பக்தி.

"இப்படி ஒரு கொந்தளிப்புல, அவ்வளவு கம்மி டீசல்ல! ஹால்வர், உங்கள இங்க வெச்சிருக்கிறது நாட்டுக்கே நஷ்டம். திங்கக்கிழமையே தெற்கே தலைமை அலுவலகத்துக்கு வந்துடுங்க. அத்தனை படகோட்டிக்கும் நீங்கதான் பயிற்சி குடுக்கணும். உத்தரவு கையோட கொண்டுவந்திருக்கேன். இங்க வேற ஆள் போட்டுக்கலாம்."

ஹால்வருக்குத் தலையில் இடி விழுந்தது. உண்மையைச் சொன்னால் படகு போகும், மறைத்தால் இவன் போகவேண்டும். எப்படிப் போனாலும் அந்த நான்கு நிமிடம் போகும். மெர்த்தாவைப் பார்த்தான். அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள், காபி தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"படகு போகல," என்றான்.

"என்னது?"

"போறதே இல்ல. ரெண்டு வருஷமா போகல."

கதவைத் திறந்தான். பனி கொஞ்சம் விலகியிருந்தது, பத்தடி தள்ளி, தண்ணீரில் கழியோடு தோர்கெல் நின்றார். அவர் பின்னால் குழாயோடு அவர் மனைவி. அதிகாரியை நேருக்கு நேர் பார்த்துவிட்ட தபால்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தடவை கடற்பறவையாகக் கத்தினார்.

"ஆனா நான் வாந்தி எடுத்தேனே!" என்றார் லென்னார்ட்.

"எடுத்தீங்க."

"போகாத படகுல எப்படிய்யா எனக்கு வாந்தி வரும்?"

"அது எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

லென்னார்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையைப் பார்த்தார், அந்தக் கரையைப் பார்த்தார். "எதுக்குய்யா இந்தக் கூத்து?"

தோர்கெல் திமிங்கிலத்திலிருந்து ஆரம்பிக்க வாயெடுத்தார். ஹால்வர் கையைக் காட்டி நிறுத்தினான். "ஊர்க்காரங்களுக்கு ஆயிரம் காரணம். எனக்கு ஒண்ணுதான். இவங்க காலைல நாலு நிமிஷம், சாயங்காலம் நாலு நிமிஷம் இங்க உக்காந்து காபி குடிப்பாங்க. படகு நின்னா அது நின்னுடும். எனக்கு இவங்கள ரொம்பப் பிடிக்கும். ஒன்பது வருஷமாப் பிடிக்கும். இப்ப எழுதிக்குங்க, என்ன வேணா எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு மெர்த்தா பக்கம் திரும்பவே அவனுக்குத் தைரியம் இல்லை.

"ஹால்வர்," என்றாள் மெர்த்தா. "உங்க தீவுல எனக்கு எத்தன நோயாளிங்க?"

"மூணு பேரு."

"அந்த மூணு பேரையும் மே மாசம் நகரத்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரே வேன்ல. அந்த வேன இந்தப் படகுல ஏத்தி, கட்டையத் தூக்கி விட்டது யாரு?"

ஹால்வர் யோசித்தான். அவனேதான். கையைக்கூட ஆட்டியிருந்தான்.

"அப்பலேருந்து எனக்கு வெஸ்தர்பியில சாயங்கால ஷிஃப்ட். இங்க எனக்கு ஒரு வேலையும் கிடையாது. தினம் ஏழேகாலுக்கு வந்து, வரலாற்றுச் சங்கத்துல உக்காந்து, மூணே முக்கா வரைக்கும் தோர்கெல் எழுதின ஊர்ச் சரித்திரத்தப் படிக்கிறேன். மூணு பாகத்தையும் ரெண்டு தடவ முடிச்சாச்சு. பாதிரியாரோட பசு எந்த வருஷம் எத்தன கன்னு போட்டுதுன்னு கேளுங்க, சொல்றேன். வேற எதுக்காகய்யா ஒரு மனுஷி அதப் படிப்பா?"

"ஊருக்கே தெரியும்டா," என்றார் தோர்கெல் தண்ணீரிலிருந்து, பற்கள் கிடுகிடுக்க. "உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியல. ஆனா அம்மா, அந்தப் பசு அத்தியாயம் நல்லாத்தானே இருக்கு?"

லென்னார்ட் வாளியைப் பார்த்தார். சேற்றில் நிற்கும் படகில் கடல்மயக்கம் வந்த அதிகாரி என்று தலைமை அலுவலகத்தில் பெயர் வாங்கினால், ஓய்வுபெறும்வரை எவன் விடுவான்? இடமாற்ற உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். அறிக்கைப் படிவத்தில் "கடல் நிலை" என்ற இடத்தில் "கடும் கொந்தளிப்பு" என்றும், "படகோட்டி" என்ற இடத்தில் "மாற்றக் கூடாது" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தோர்கெலிடம் ஒரு கழி கேட்டு, அதை ஊன்றிக்கொண்டு, ஆடிய தலையோடு கரைக்கு நடந்துபோனார்.

அறைக்குள் மெர்த்தா கோப்பையை நீட்டினாள். ஹால்வர் ஊற்றினான். முதல் தடவையாக அவர்கள் மீனைப் பற்றிப் பேசவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, யாரோ கத்தினார்கள், எஞ்சினை அணைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு ஏழேகால் படகு எட்டே முக்காலுக்குத்தான் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது.