பதின்மூன்றாவது வாளி

இத்தாலியின் தெற்கில் நான் கூட்டித் துடைக்கும் கலைக்கூடத்தில் இந்த மாதம் வாளிகள்தான் கலை. பன்னிரண்டு தகர வாளிகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பீக்கர். எழுபது வருடங்களுக்கு முன் யாரோ பதிந்து காப்பகத்தில் வைத்த இங்கிலாந்துக் கமக்காரரின் பட்டிக்காட்டுப் பேச்சு அதற்குள் ஓடுகிறது. பன்றிக்குத் தீனி வைத்த கதையாம். படித்த சனம் வாளிக்குள் தலையை விட்டுக் கண்ணை மூடி உருகுகிறது. ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. விளங்காததுதான் விசேஷமாம்!

அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலைக்கு என் மகள் கேசிகா மனுப் போட்டாள். பல்கலைக்கழகம் முடித்தவள். அவளாவது துடைப்பம் பிடிக்காமல் தப்பட்டும் என்று இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி நேர்ந்துவிட்டு வந்தேன்.

பொறுப்பாளர் அம்மாள் சிஞ்ஞோரா லோரெதானா என்னைக் கூப்பிட்டார். "கெட்டிக்காரிதான், குகனேஸ்வரி. ஆனால் அவள் பேசுவது நல்ல இத்தாலியன் இல்லை, இந்த ஊர்ச் சந்தைப் பேச்சு. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

வாளிக்குள் பன்றிக்காரன் பேசலாம். வாசலில் என் பிள்ளை பேசக் கூடாது. சீ, இதுவும் ஒரு பிழைப்பு!

மறுநாள் அதே வாயால் இன்னொன்று சொன்னார். சனிக்கிழமை கலைஞர் வருகிறாராம். அவருக்கு உயிரோடு ஒரு வட்டாரப் பேச்சு வேண்டுமாம். பதின்மூன்றாவதாக ஒரு வாளி கட்டுகிறார்கள், கேசிகா அதற்குள் சந்தைப் பேச்சில் ஏதாவது பேசட்டுமாம்.

"போகாதை, பிள்ளை" என்றேன்.

"போறன் அம்மா. அவை கேட்டதைத்தானே குடுக்கப் போறன்."

சனிக்கிழமை வந்திருந்தவர்கள் மிலானோக்காரரும் ஆங்கிலேயரும்; இந்த ஊர்ப் பேச்சு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கேசிகா வாளிக்குள் வாயை வைத்து, எங்கள் போர்கோ வெக்கியோ சந்தையில் கத்துவதுபோல் தொடங்கினாள்.

"இந்த வாய்க்கு வேலை இல்லையெண்டு சொன்னனீ. இப்ப வாய் மட்டும் வேணுமோ, லோரெதானா? உன்ரை அண்ணன் எங்கடை தெருவிலைதான் மீன் விக்கிறார். நீயும் இப்பிடிக் கதைச்சுத்தானே வளந்தனீ?"

எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். "என்ன இனிமை!" என்றார் ஒரு மிலானோக்காரர். "என்ன சொல்கிறாள், சிஞ்ஞோரா?"

"எனக்கு இந்தப் பேச்சு விளங்காது" என்றார் லோரெதானா, இஸ்திரி போட்ட இத்தாலியனில்.

விளக்கம் சொல்லும் வேலை போனது போனதுதான். அன்று இரவு கேசிகா அழுதாள்.

திங்கட்கிழமை லோரெதானாவின் அறையைத் துடைக்கப் போனேன். மேசைக்கு அடியில் துடைக்க வேண்டியிருந்தது. "லோரெதானா, காலைத் தூக்கு" என்றேன், சந்தைப் பேச்சில்.

தூக்கினாள்.