பேருந்து நிறுத்தத்தில் அரை பன்

ஊரில் யார் புதிதாக பேக்கரி போட்டாலும் அங்கிருந்து மூன்று பன் வாங்கி வந்து ருசி பார்ப்பது, தாங்களும் பேக்கரி நடத்தும் அவர்கள் குடும்ப வழக்கம். மாவு பிசைகிற மேஜையைத் துடைத்துவிட்டு, அவளும் அவள் கணவரும் கணவரின் அக்காவும் நின்றபடியே ஆளுக்கொன்றைப் பிய்த்துத் தின்பார்கள். தீர்ப்பு சொல்வது அக்கா. அதனால் வீட்டில் அவருக்கு நீதிபதி என்று பெயர். இதுவரை ஒரு கடையும் அவரிடம் தப்பியதில்லை. ஒன்று சவசவ என்றிருக்கும், ஒன்று தொண்டையை அடைக்கும், ஒன்றுக்கு எதற்கு இந்தப் பெயர்ப்பலகை என்று கேட்கத் தோன்றும்.

இதெல்லாம் நடப்பது அவர்கள் கடையில் அடுப்பு இருக்கும் பின்னறையில். அதற்கு ஜன்னல் கிடையாது. காற்றுப் பட்டால் உப்பி வரும் மாவு படுத்துவிடும்.

இரண்டு தெரு தள்ளி கண்ணாடியும் லைட்டுமாக ஒரு புது பேக்கரி வந்த பிறகுதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. மாலையில் அவர்கள் கடையில் பன் அப்படியே அடுக்கில் மிஞ்சியது. தங்கள் பன்னில் குறை இருக்க முடியாது, ஜனங்கள் லைட்டைப் பார்த்துத்தான் அங்கே போகிறார்கள் என்று கணவர் முடிவு கட்டிவிட்டார். செங்கல் அடுப்பை இடித்துவிட்டு நான்கு மேஜை போடுவது, ரொட்டியை ஃபாக்டரியிலிருந்து வரவழைத்து விற்பது என்று திட்டம். மேஸ்திரிக்கும் சொல்லியாகிவிட்டது, காலையில் வருகிறார். அவளைக் கேட்காமல் இல்லை. கேட்டபோது அவளிடம் மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை. அந்த அடுப்பின் முன்னால் நிற்காத ஒரு விடியலை நினைத்துப் பார்க்க மட்டும் அவளால் முடியவில்லை.

அந்தக் கடை பன்னை மட்டும் இதுவரை யாரும் வாங்கி வரவில்லை. இடிப்பதற்கு முன் அதையும் ஒரு தடவை ருசி பார்த்துவிடலாம் என்று அவளே கிளம்பிப் போனாள். எதிரியின் கடைக்குள் நுழைவது அவளுக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்று பன் வாங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கினாள். காகிதப் பை ஒரு பக்கம் நனைந்து கிழிந்து, ஒரு பன் வெளியே எட்டிப் பார்த்தது. அது கீழே விழுவதற்குள் தன் பங்கைத் தின்றுவிடலாம் என்று கடித்தாள்.

முதல் வாயில் எதையும் கவனிக்கவில்லை. பசி. இரண்டாவது வாயில் மெல்லுவது தானாகவே மெதுவானது.

மேல்தோல் மெல்லிசாகக் கிழிந்தது. உள்ளே வறுத்த கோதுமையின் வாசனை. அதன் பின்னால், பால் புளிக்கலாமா என்று யோசிக்கும் நேரத்து இலேசான ஒரு வாசனை. அதுவும் போய்விட்டது என்று நினைத்தபோது இனிப்பு வந்தது. சர்க்கரை இனிப்பில்லை. அவசரப்படுத்தாமல் விட்டுவைத்த மாவு தனக்குள்ளிருந்தே எடுத்துத் தருகிற இனிப்பு. அப்படி ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரியும். நேரில் சந்தித்ததில்லை.

மாவு, பால், உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் வெண்ணெய். அவளிடம் இருப்பதும் இவைதான். இவற்றை வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒருவர் இதைச் செய்திருக்கிறார். பொறாமை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இரவில் மின்சாரம் போனபின் மொட்டைமாடிக்கு வந்து முதன்முதலாக அத்தனை நட்சத்திரத்தையும் பார்த்தவள் போல, வாயைத் திறக்க மனமில்லாமல் மழை விடும்வரை நின்றாள்.

பின்னறைக் கதவைத் திறந்ததும் சூடும் ஈஸ்ட் வாசனையும் முகத்தில் அடித்தன. மற்ற இரண்டு பன்னையும் மேஜையில் வைத்தாள். தான் கண்டதைச் சொல்லவில்லை. அவர்களே சொல்லட்டும் என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி பாதியோடு நிறுத்திவிட்டார். "வாயில போட்டா பஞ்சு, முழுங்கினா காத்து. இதுக்கா இத்தனை கூட்டம்?"

"நான்தான் சொல்றேனே, லைட்டுக்குப் போறாங்கன்னு" என்றார் கணவர்.

அவள் பதறிப்போய் நீதிபதி வைத்த பாதியிலிருந்து ஒரு துண்டு பிய்த்துப் போட்டுக்கொண்டாள். ஒன்றுமில்லை. அதே பை, அதே பன். இன்னொரு துண்டு. பஞ்சுதான். மழையில் நனைந்து தனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதா என்று நினைத்தாள். பிறகு வேறொன்று உறைத்தது. கதவருகே முகத்தில் அடித்ததே ஈஸ்ட் வாசனை, அது இப்போது எங்கே? அறையை விட்டு அது எங்கும் போகவில்லை. அவள் மூக்குதான் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. அதோடு சேர்த்து மற்ற வாசனைகளைச் சொல்வதையும்.

இத்தனை வருஷமாக எல்லோருடைய ரொட்டியையும் இந்த அறையில் வைத்துத்தான் தின்று பார்த்திருக்கிறார்கள். தங்கள் ரொட்டியையும்.

அடுக்கிலிருந்து தங்கள் பன் ஒன்றை எடுத்து, நீதிபதி வைத்த பாதியில் மிச்சத்தையும் டப்பாவில் போட்டுக்கொண்டாள். "என்னங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றீங்களா?"

பன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் இழுத்தார்.

"போடா" என்றார் அக்கா. "ஊருக்கு உன்னைப் பாக்குறதுதான் வேலையா? அவளே வாயத் திறந்து கேக்குறா, போயிட்டு வா."

நிறுத்தத்தில் அவரை உட்கார வைத்து, டப்பாவைத் திறக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ஈர மண் வாசனை, டீசல் வாசனை எல்லாம் தனித்தனியாக வரத் தொடங்கிய பிறகு தங்கள் பன்னை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

நன்றாக வெந்திருந்தது. அடிப்பக்கம் ஒரே பொன்னிறம். ஆனால் மெல்ல மெல்ல, பழைய எண்ணெய் கருகின வாடை ஒன்று நாக்கின் ஓரமாக ஏறி, போகாமல் உட்கார்ந்துகொண்டது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "இது நம்ம பன்னா?"

"பன் வேக வைக்கிற தட்டுதான். எண்ணெய் தடவித் தடவி கறுப்பு ஏறிப்போயிருக்கு. அந்த ரூமுக்குள்ள நமக்குத் தெரியல. வாங்கினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் கையிலிருந்த பன்னைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். "அப்ப அடுப்பு?"

"அடுப்பு மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். நாளைக்கு வர வேண்டாம் என்றார். தேதியை மாற்றவில்லை, இடிக்கவே போவதில்லை என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கோபத்தை முழுசாகக் கேட்டுவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தட்டுகளை இன்று ராத்திரியே தேய்த்தாக வேண்டும், அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஏதேதோ பேசினார். அவள் டப்பாவில் மிச்சமிருந்த எதிரிக் கடைப் பன்னை அவர் கையில் வைத்தாள்.

"இதான் தின்னாச்சே."

"இங்க தின்னு பாருங்க."

ஒரு வாய் கடித்தார். பேச்சு நின்றது. அவர் முகத்தில் அது வருவதை அவளால் பார்க்க முடிந்தது: முதலில் கோதுமை, அப்புறம் அந்தப் புளிப்பு, அப்புறம் மெதுவாக அந்த இனிப்பு. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மீதியில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினார்.

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. ஏறுகிறார்களா என்று டிரைவர் கேட்டார். இருவருக்கும் வாய் நிறைய பன். கணவர் கையை ஆட்டிப் போகச் சொன்னார். பேருந்து போன பிறகும் கையை இறக்க மறந்து மென்றுகொண்டிருந்தார்.